ஒன்பதாவது கட்டம்

பிள்ளைப்பாக்கத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில், வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிற இடம். இப்போது அந்தக் கொட்டகையும் இல்லை, சாக்ஸபோன் ஊதிய கன்னியப்பனும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன.

தொண்ணூற்றொன்றில் அங்கே பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு மெஷின். இடது கையில் செப்புக் கம்பி, வலது கையில் கைப்பிடி. கம்பி சுற்றுகிற கட்டைக்குப் பாபின் என்று பெயர். அதில் ஆயிரத்து இருநூறு சுற்று விழுந்தால் ஒரு காயில். எத்தனை சுற்று ஆயிற்று என்று காட்ட எல்லா மெஷினிலும் மீட்டர் உண்டு. சரோஜாவின் மெஷினில் மட்டும் மீட்டர் கெட்டுப்போய் மூன்று வருஷமாகியிருந்தது. மாற்றித் தருவதாகச் சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருந்தார். மீட்டர் இல்லாமலே அவளுடைய காயில் டெஸ்டிங்கில் ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை என்று தெரிந்த பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார்.

அவள் எண்ணுவது வெளியே தெரியாது. வாய் ஊர்க்கதை பேசும். உள்ளே எண்ணிக்கை தன்பாட்டுக்கு ஓடும். பக்கத்து மெஷின் சின்னப்பொண்ணு அவளைக் குழப்புவதற்கென்றே எண்களாகப் பேசிப் பார்ப்பாள்.

"எங்க மாமியாருக்கு எம்பத்திரண்டு வயசு சரோஜா, நேத்து நூத்தி மூணு டிகிரி ஜுரம், அஞ்சு இட்லி துன்னுச்சி."

"ஆறாவது கேட்டுச்சா, நீ வெக்கலயா?" என்பாள் சரோஜா. கைப்பிடி நிற்காது.

ஆடி பதினாறு, வியாழக்கிழமை மத்தியானம், எண்ணூற்று நாற்பதாவது சுற்றில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அவளுடைய அண்ணன் சுப்பராயன். ஸ்ரீபெரும்புதூரில் பேண்டு செட் வைத்திருப்பவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"சரோ, எய்ந்து வா."

"இன்னாண்ணா?"

"கன்னியப்பன போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்க. மெட்ராஸ் பஸ்லருந்து எறக்கிட்டாங்க."

அன்றைக்குத்தான் அவளுக்கு எண்ணிக்கை தவறியது. பாதிக் காயிலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

*

சரோஜாவின் புருஷன் கன்னியப்பன், சுப்பராயனின் பேண்டில் பதினெட்டு வருஷமாக சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை அழைப்பு, பூப்பு நீராட்டு, கட்சி ஊர்வலம், சாவு. சிவப்புக் கோட்டும் வெள்ளை ஷூவும் போட்டுக்கொண்டு, பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே ஊதுவது. இரண்டாவது அடியிலேயே இன்ன பாட்டு என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்தால்தான் ஆடுவார்கள். பேண்டுக்காரனின் திறமை அதுதான்: ரிக்கார்டில் உள்ளதை உள்ளபடியே ஊதுவது. கல்யாண மண்டபம் வந்துவிட்டால் வாசலோடு நின்றுவிட வேண்டும். உள்ளே நாதஸ்வரம்.

அந்தச் சித்திரையில் ஒரு வரவேற்புக்கு மெட்ராஸ் ஓட்டல் ஒன்றின் ஜாஸ் குழு வந்திருந்தது. பியானோ வாசித்தவள் பெயர் ரத்னா. முப்பத்தைந்து வயசிருக்கும், கிராப்பு வைத்த தலை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது கன்னியப்பன் ஊதியதை அவள் வாசலுக்கே வந்து கேட்டிருக்கிறாள். முடிந்ததும், "உங்க சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. எங்க சாக்ஸ்காரர் துபாய் போயிட்டார். வர்றீங்களா?" என்று கேட்டாள்.

அவன் ஒரு கேசட்டை வாங்கிவந்து, ஒரு மாசம் திருப்பித் திருப்பிப் போட்டு, அதில் இருந்த சாக்ஸபோன் வாசிப்பை ஒரு சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஊதிக் காட்டினான். ரத்னா சிரித்துவிட்டாள்.

"இதுக்குக் கேசட்டே போதுமே கன்னியப்பன். இது அந்த ஆள் அன்னிக்குப் பேசினது. நீங்க என்ன பேசப்போறீங்க?"

பிறகு அவள் ஒரு கட்டம் போட்ட நோட்டில் பன்னிரண்டு கட்டங்களை அடைத்து எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஜி7, சி7, டி7 என்று ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு. அந்த நாலு தட்டுக்குள் எந்தச் சுரக்கூட்டின் மேல் நிற்க வேண்டும் என்பதை அந்த எழுத்து சொல்லும். பன்னிரண்டு முடிந்தால் ஒரு சுற்று, மறுபடி முதலிலிருந்து. மேலே என்ன ஊதுவது என்பது எங்கேயும் எழுதியிருக்காது. அதை அந்தந்த நிமிஷத்தில் ஊதுகிறவன்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமைதோறும் அவன் மெட்ராஸ் போய்வந்தான். அவள் வேறு மாதிரி கட்டங்களும் எழுதிக் கொடுத்தாள். நோட்டு பாதி நிரம்பியது.

ஆடியில் கல்யாணம் இல்லை. சரோஜா ஷிப்டு முடிந்து வந்து, உலையை வைத்துவிட்டு, சாயங்கால வெளிச்சத்தில் அவனோடு ஏரிக்குப் போவாள். ஏரி வறண்டு பாளம் பாளமாகக் கிடந்தது. ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கும். மதகுச் சுவரின் மறைவில் நின்று அவன் ஊதுவான். அவள் கல்லில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டு எண்ணுவாள். அவனுக்குக் கட்டம் தொலைந்துவிடும், அவளுக்குத் தொலையாது.

"ஒம்பதுல வுட்ட."

"வுடல."

"வுட்ட. எட்டு முடியறப்பவே மூச்ச வாங்கிக்கினு, ஒம்பதுல கல்யாணப் பாட்டுக்குள்ள பூந்துட்ட."

"அது தானா வர்து சரோஜா. வெரலு ஓடிடுது."

"தானா வர்றதத்தான் அந்தம்மா வேணான்னு சொல்லிச்சி."

அவன் சாக்ஸபோனைக் கழுத்து வாரிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு மதகில் சாய்வான். எட்டு கட்டம் வரைக்கும் ஏதோ தடவித் தடவியாவது போய்விடுவான். ஒன்பதில் எழுத்து டி7 ஆக மாறும். ஏறிக்கொண்டு வந்த ஏணியில் ஒரு படி இல்லாதது மாதிரி அங்கே பயந்துவிடுவான். பயந்தால் கை தெரிந்த பாட்டைத் தேடும்.

"இம்மாம் அவஸ்த எதுக்கு? நம்ம பேண்டு இல்லயா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அவன் யோசித்துத்தான் சொன்னான். "பதினெட்டு வருசமா நடந்துக்கினே ஊதறேன். ஒரு தரமாவது நின்ன எடத்துல ஊதணும். எதிர்ல ஒருத்தன் உக்காந்து கேக்கணும்."

ஆடிப்பெருக்கு சனிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டல் குழுவின் தலைவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். "ஒரு சுத்துல நிறுத்தச் சொன்னா பிடிக்கலன்னு அர்த்தம்" என்று ரத்னா சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை பம்பாயிலிருந்து வேறொரு ஆள் வருகிறான். இந்தச் சனிக்கிழமை விட்டால் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் போலீஸ்.

*

மே மாசக் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் அந்நியமாகத் தெரிந்த எதையும் போலீஸ் விடவில்லை. லாட்ஜ் லாட்ஜாகத் தேடினார்கள். பஸ்ஸை நிறுத்திப் பையை அவிழ்க்கச் சொன்னார்கள். வெளியூர்ப் படை ஒன்று, ஆடியில் காலியாகக் கிடந்த கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தது.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போகும்போது காற்றில் பாதி வார்த்தை பறக்க, சுப்பராயன் நடந்ததைச் சொன்னான். பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாக்ஸபோனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதோடு போயிருக்கும். அடியில் நோட்டு இருந்தது.

"இது இன்னான்னு கேட்டாங்களாம். பாட்டுன்னு சொல்லிக்கீறான். எங்க, இந்தப் பாட்ட ஊதுன்னானாம். இவன் இன்னா பண்ணான் தெரியுமா?"

"இன்னா பண்ணுச்சி?"

"பயத்துல கல்யாணப் பாட்ட ஊதிட்டான்."

சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். யூனிபாரம் போட்டவன் ஊது என்றால் அவனுக்குத் தெரிந்த பாட்டை ஊது: பேண்டுக்காரனின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அங்கே நின்ற கான்ஸ்டபிள் தணிகாசலம் இந்த ஊர்க்காரர். தன் தங்கை கல்யாணத்தில் கேட்ட பாட்டு அது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டில் டி7 எங்கே வருகிறது, ஜி7 எங்கே வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள். கன்னியப்பனால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் இவன் பொய் சொல்கிறான். இது எந்த லாட்ஜின் ரூம் நம்பர், யாருக்குக் கொண்டுபோகிறான் என்று விசாரணை தொடங்கிவிட்டது.

மண்டபத்து வாசலில் அவர்களை நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சுப்பராயன் இரண்டு டீ வாங்கிவந்தான். அவள் குடிக்கவில்லை; ஆறிப்போய் ஆடை கட்டியது. உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள், கன்னியப்பன் வரவில்லை. அவளையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டிருந்தாள். ஆயிரத்து இருநூறு ஆனதும் மறுபடி ஒன்று. ஏழு காயில் சுற்றுகிற நேரம் போயிற்று. வெயில் சாய்ந்தது.

தணிகாசலம் பீடி பற்றவைக்க வெளியே வந்தபோது சுப்பராயன் ஓடினான். பேசிவிட்டுத் திரும்பியவனின் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"காலைல இன்ஸ்பெக்டர் பாப்பாராம். தெரிஞ்சவங்க யாருனா பொறுப்பு ஏத்துக்கினு கையெழுத்துப் போட்டா வுட்டுடுவாங்க. இல்லன்னா மத்தியானம் மெட்ராஸ் அனுப்பிடுவாங்களாம். அங்க போனா எப்ப வருவான்னு சொல்ல முடியாதாம்."

"நீ போடுண்ணா."

"போடறேன். நான் போடாம யார் போடுவா." அவன் புங்க இலை ஒன்றைக் கிள்ளிக் கிழித்தான். "ஆனா ஒண்ணு சரோ. அந்த மெட்ராஸ் ஓட்டலெல்லாம் இதோட வுட்டுடணும். ஆவணில எட்டு கல்யாணம் ஒத்துக்கினுகீறேன். இவன் இல்லாம நான் யார வச்சி ஊதறது? கிளாரினெட்டுக்காரன் பல்லு போயி மூணு மாசமாச்சி, ஊதுனா எச்சிதான் வர்து."

அவள் ஆறிப்போன டீயை மரத்தடியில் ஊற்றினாள்.

"நோட்டப் பத்திக் கேட்டா?" என்றாள் பிறகு.

"கிறுக்குனதுன்னு சொல்லிடறேன். அவன் கொஞ்சம் ஒரு மாதிரின்னு சொல்லிடறேன். அவன் உசுரோட வர்ணுமா வேணாமா?"

"வர்ணும்" என்றாள் சரோஜா.

*

வெள்ளிக்கிழமை காலை தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கூழும், கிள்ளி வதக்கிய மோர் மிளகாயும் எடுத்துக்கொண்டாள். அலமாரியில் கன்னியப்பன் எப்போதும் மறந்துவிட்டுப் போகிற சின்ன டப்பா இருந்தது. சாக்ஸபோனின் வாயில் பொருத்துகிற நாணல் பட்டைகள் அதில் இருக்கும், ரீடு என்பார்கள். அதையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கு எடுத்தோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

மண்டபத்துக்குள் நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். மேடையில் பிளாஸ்டிக் பூ வளைவு அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். தெற்கத்திக்காரர். கண் சிவந்து, தூக்கம் போதாத முகம். கன்னியப்பன் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். அடிக்கவில்லை, தூங்கவும் விடவில்லை. ஒரே ராத்திரியில் கன்னம் உள்ளே போயிருந்தது. இவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

சுப்பராயன் கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னான். நல்ல பையன், தங்கச்சி புருசன், பதினெட்டு வருசமா என்னோடதான் ஊதறான்.

"அப்ப இந்த நோட்டு?"

"அது சும்மா கிறுக்குனது சார். அவன் கொஞ்சம்…" என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினான்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். நிதானமாக, பக்கம் பக்கமாக. "கிறுக்குப்பய இம்புட்டு ஒழுங்கா கட்டம் போடுவானா? சரி. நீரு கையெழுத்துப் போடும். ஆள வுடுதேன். பெட்டியும் நோட்டும் இங்க இருக்கட்டும். மேல அனுப்பிப் பதில் வர ஒரு மாசமாவது ஆகும்."

தணிகாசலம் காகிதத்தை நீட்டினார். சுப்பராயன் பேனாவை வாங்கினான்.

ஒரு மாசம். நாளைக்குச் சனிக்கிழமை. சரோஜா கன்னியப்பனைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. கிறுக்கன் என்று சொன்னதற்குக்கூட நிமிரவில்லை. வலது கை விரல்கள் மட்டும் தொடையில் ஏதோ சாவிகளை அழுத்திக்கொண்டிருந்தன.

"கிறுக்கல் இல்ல சார்" என்றாள்.

"சரோ" என்றான் சுப்பராயன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கிறுக்கல் இல்ல. அது பாட்டுதான் சார். எங்க அண்ணனுக்கு அது தெரியாது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கிறுக்கல் இல்லன்னா எனக்குப் பதில் வேணும்மா. பதில் இல்லன்னா இந்தக் கையெழுத்து செல்லாது. மத்தியான வண்டியில ஆளு மெட்ராஸ் போவான். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிதான் சார் சொல்றேன்."

"பாட்டுன்னா பேரு என்ன?"

"பேர் இல்ல சார்."

"யாரு போட்ட பாட்டு?"

"யாரும் போடல சார். ஊதறப்பதான் அது வரும்."

தணிகாசலம் சிரித்தார். "நேத்து வந்துச்சே சார். என் தங்கச்சி கல்யாணப் பாட்டு."

"அது பயந்துக்கினு ஊதனது" என்றாள் சரோஜா. "ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு சார். நான் எண்ணுவேன், அது ஊதும். எங்க வேணா நிறுத்தச் சொல்லுங்க. எந்தக் கட்டத்துல நிக்கிதுன்னு அதுவும் சொல்லும், நானும் சொல்றேன். நான் இந்தப் பக்கம் செவுத்தப் பாத்துக்கினு நிக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா அது பாட்டு. மாத்திச் சொன்னா நீங்க இன்னா வேணா பண்ணிக்கங்க."

எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தன் சிவந்த கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எழுதிக் கொடுக்கணும். வாயால சொல்லக்கூடாது. ஆளுக்கொரு பேப்பர் கொடுய்யா."

பெட்டியைத் திறந்தார்கள். நேற்றுச் சோதனையில் எதையெதையோ பிரித்துப் பார்த்ததில் ரீடின் நுனி பிளந்திருந்தது. கன்னியப்பன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக சரோஜாவை நேராகப் பார்த்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பாவை நீட்டினாள். ஒரு ரீடை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். எச்சில் ஊறுவதற்கு வெகு நேரம் ஆயிற்று. அவள் கூழை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

"ஒம்பதுல கல்யாணப் பாட்டுக்குப் போயிடாத" என்று டம்ளரை வாங்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"வர்லன்னா?"

"வர்லன்னா சும்மா இரு. நான் எண்ணிக்கினுதான் இருப்பேன்."

அவள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். புதுச் சுண்ணாம்பு வாசனை. பின்னால் அவன் கால் செருப்பு நாலு தடவை தரையில் தட்டியது. ஆரம்பித்தான்.

அந்த மண்டபத்துக்கு நூறு ஊர்வலமாவது கொண்டுவந்து விட்டிருப்பான். உள்ளே நின்று ஊதுவது இதுதான் முதல் தடவை. ஏரிக்காற்றில் சிதறிப்போகும் சத்தம் இங்கே கூரையில் போய் மோதித் திரும்பிவந்து அவள் முதுகில் பட்டது. மூன்று சுரத்தைத்தான் சுற்றிச்சுற்றி வந்தான், தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பது மாதிரி. ஐந்தாவது கட்டத்தில் ஒரு படி ஏறி, அடுத்ததுக்குள் போனான்.

"நிறுத்து."

இருவரும் எழுதினார்கள். தணிகாசலம் இரண்டு காகிதத்தையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். இரண்டிலும் ஆறு.

இன்ஸ்பெக்டர் காகிதங்களைத் தள்ளிவைத்தார். "இப்ப வாசிச்சதையே திருப்பி வாசி."

கன்னியப்பன் விழித்தான். "அது போயிடுச்சி சார். அதே திரும்பி வராது. வேற வேணா வரும்."

"வாசி."

மறுபடி நாலு தட்டு. இந்தத் தடவை மேலிருந்து ஆரம்பித்தான். தூக்கம் கெட்ட குரல் மாதிரி கரகரப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து நடந்து சரோஜாவின் பின்னால் வந்து நின்றது பூட்ஸ் சத்தத்தில் தெரிந்தது.

"இது வேறல்லா? முன்ன வாசிச்சது இல்லியே."

"பாபின் அதேதான் சார். கம்பிதான் வேற" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"என்ன?"

"நான் காயில் சுத்தறேன் சார். கட்ட ஒண்ணுதான். எந்தக் கம்பி சுத்தறமோ அது."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தி ரெண்டு சார்."

நாலாவது கட்டம் முடிந்தது.

"கல்யாணமாகி எத்தன வருசம்?"

"பதிமூணு."

"ஒரு நாளைக்கு எத்தன காயில் சுத்துவ?"

"பத்து சார். மீட்டரு கீறவங்க எட்டு."

இந்த விளையாட்டு அவளுக்குப் புதிதில்லை. சின்னப்பொண்ணு இதைவிட மோசமாகக் கேட்பாள். ஏழு. கன்னியப்பன் எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் மாற்றி, வேறு மாதிரி சொன்னான். எட்டு. எட்டின் கடைசித் தட்டில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஏரியில் பதினைந்து நாளாகக் கேட்ட மூச்சு. அதற்கு அடுத்தது கல்யாணப் பாட்டு.

ஒன்பது வந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு தட்டு. குழாய் சொட்டியது. இரண்டு.

"ஏன் நின்னுட்டான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நிக்கல சார்" என்றாள் சரோஜா. "ஒம்பது நடந்துக்கினு கீது."

மூன்று. அவனும் எண்ணுகிறானா, அல்லது பயத்தில் உறைந்துபோய் நிற்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. நான்கு.

பத்தாவது கட்டத்தின் முதல் தட்டில், தட்டின் மேலேயே, அடியிலிருந்து ஒரு தாழ்ந்த சுரம் வந்தது. ஒற்றைச் சுரம். அதை அவன் விடவில்லை. மூச்சு இருக்கிறவரைக்கும் பிடித்து, அது கொஞ்சம் கொஞ்சமாக நடுங்கி ஏறி, பதினொன்றுக்குள் போய்ப் பிரிந்து இறங்கிற்று. எந்த ஊர்வலத்திலும் அவள் கேட்டதில்லை. எந்தக் கேசட்டிலும் இல்லை.

"நிறுத்து."

தணிகாசலம் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனார். பதினொன்று. பதினொன்று.

இன்ஸ்பெக்டர் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, அந்த இரண்டு துண்டுகளையும் அதற்குள் செருகி மூடினார்.

"பெட்டிய எடுத்துட்டுப் போ. நோட்டு ஃபைல்ல ஏறிட்டு, தர முடியாது."

"நோட்டு வேணாம் சார்" என்றான் கன்னியப்பன்.

வாசலைத் தாண்டும்போது தணிகாசலம் பின்னாலேயே வந்தார். "ஏம்ப்பா, கடைசீல ஊதனியே. அது எந்தப் பாட்டு?"

*

சுப்பராயன் மொபெட்டை உருட்டிக்கொண்டே கூட நடந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை. புங்கமரம் தாண்டித்தான் பேசினான்.

"அங்க என்னப் பொய்யனாக்கிட்ட."

"நீ அதக் கிறுக்கனாக்குனியேண்ணா."

"எதுக்குச் சொன்னேன்? அவன வெளிய இட்டார்றதுக்குத்தான சொன்னேன்? மாத்திச் சொல்லியிருந்தீங்கன்னா? ரெண்டு பேப்பர்ல ரெண்டு நம்பர் வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

சரோஜா நின்றுவிட்டாள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"தெர்லண்ணா" என்றாள்.

கன்னியப்பன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். "மச்சான், ஆவணி கல்யாணத்துக்கு…" என்று ஆரம்பித்தான்.

"நீ பேசாத" என்றான் சுப்பராயன். மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. விடிந்ததும் சரோஜா எலுமிச்சஞ்சாதம் கிளறிக்கொண்டிருந்தபோது வாசல் படலில் ஒரு துணிப்பை தொங்குவதைப் பார்த்தாள். யார் மாட்டியது என்று தெரியவில்லை. மொபெட்டின் சத்தம் மட்டும் தெருக்கோடியில் கேட்டது. பைக்குள் பேண்டு செட்டின் வெள்ளை ஷூ ஒரு ஜோடி. மேலே அப்பிக் கறுப்புப் பாலிஷ் போட்டிருந்தது. தையல் ஓரங்களில் மட்டும் வெள்ளை எட்டிப் பார்த்தது.

கன்னியப்பன் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தான்.

"கடிக்குதா?"

"கடிக்குது. நடக்கத்தான் கஷ்டம்" என்றான். "நிக்கலாம்."

பஸ்ஸை அன்றைக்கும் நிறுத்தினார்கள். தணிகாசலம் ஏறி, பெட்டியைப் பார்த்து, சரோஜாவைப் பார்த்து, திறக்கச் சொல்லாமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். வழிநெடுக கன்னியப்பன் சாதத்தைத் தொடவில்லை. ஒரு ரீடை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓட்டலின் பின்வாசலில் ரத்னா காத்திருந்தாள். அவனை மட்டும் உள்ளே அழைத்துப் போனாள். காவலாளி சரோஜாவை நிறுத்திவிட்டான்.

"நீ இன்னாம்மா வாசிக்கற?"

"நான் ஒண்ணியும் வாசிக்கலபா."

"அப்ப இங்கயே நில்லு."

சுவர் கனமாக இருந்தது. ஏசி மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காவலாளி கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நாலு மணி ஆகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, ஏரியில் அவன் காலால் தட்டுகிற வேகத்தில் எண்ண ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு கட்டம். ஒரு சுற்று முடிந்தது. ரத்னா சொன்னபடி, பிடிக்காவிட்டால் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். கதவைப் பார்த்தாள். திறக்கவில்லை. பெட்டியைப் பூட்ட நேரமாகும், சொல்லிக்கொண்டு வர நேரமாகும் என்று இரண்டு சுற்று தள்ளுபடி செய்தாள். மூன்றாவதும் போயிற்று.

"இன்னாம்மா முணுமுணுத்துக்கினு கீற? சாமியா?" என்றான் காவலாளி.

"இல்லபா."

"வூட்டுக்காரரா உள்ள போனது?"

"ஆமா."

"இன்னா வேல?"

"நின்ன எடத்துல ஊதறது" என்றாள். எண்ணிக்கை நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பதாவது கட்டம் வரும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பத்தில் விட்டாள். ஆறாவது சுற்று, ஏழு. தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஒன்பது, பத்து.

பதினொன்றாவது சுற்றும் முடிந்தது. அவன் இன்னும் வெளியே வரவில்லை.